இருபத்தாறு அங்குலத்தில் ஒரு கீறல்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

நான் இருக்கேன். நீ, உன் வீட்டுக்காரி, சின்னவள் எல்லாரும் சுகம்தானே? சின்னவளுக்குப் பல் முளைச்சுதா? உன் முதுகுவலி எப்படி இருக்கு? நாள் முழுக்கக் குனிஞ்சே வேலை பாக்காதே.

நான் மறுபடி வேலைக்குப் போறேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல என் இஸ்திரி மேசையை யாருக்கும் கொடுக்காம வெச்சிருந்தாங்க. படுக்கை விரிப்பு தேய்ச்சுக்கிட்டு இருந்தா பொழுது போயிடுது. உன் மச்சான் போய் ரெண்டு மாசம் ஆச்சு. இன்னும் காலையில ரெண்டு டம்ளர்தான் எடுத்து வைக்கிறேன்.

அவரை எடுத்த அன்னிக்கு ஆளுங்க வந்து போக வசதியா வாசல் கேட்டைக் கழட்டினீங்களே, அது அப்படியே ஷெட்டுக்குப் பின்னால சுவரோட சாஞ்சு கிடக்கு. மாட்டித் தர ஆள் இல்லை. எதிர்வீட்டு ஆடு தினம் வந்து கீரைப் பாத்தியை மேஞ்சுட்டுப் போகுது.

ஒண்ணு கேக்கணும். காருல ஒரு கீறல் இருக்கு. வலது கதவுல. அவரோட ஒர்க்‌ஷாப் ஆளுங்க வந்திருந்தாங்க. மே மாசம் பழைய கார் ஊர்வலமாம். பதினோரு வருஷமா ஒவ்வொரு ஆணியா தேடித் தேடி அவர் பூட்டின வண்டி, இந்தத் தடவை அதுதான் முதல்ல போகணும், பக்கத்து சீட்டுல நீங்க உட்காரணும்னு சொல்றாங்க. தலையாட்டிட்டேன். ஆனா வண்டி மேல இருக்கிற துணியை எடுக்க விடலை.

அந்தச் சிவப்பை அடிச்சவன் நீதான். நானே வீட்டுல பூசி மறைக்கிற மாதிரி ஏதாவது இருக்கா? கடையில என்ன சொல்லி வாங்கணும்னு மட்டும் எழுது. நீ வர வேண்டாம். உனக்கு வேலை இருக்கும்.

நம்ம தபால்காரர் இன்னும் வேலைக்கு வரலை. உன் மச்சான் போறதுக்கு முதல் நாள் சாயங்காலம் பாலத்து ரோட்டுல ஏதோ ஒரு வண்டி அவரைச் சைக்கிளோட தட்டிட்டு நிக்காம போயிடுச்சே, கால்ல கம்பி வெச்சிருக்காங்களாம். இப்ப வர்றவருக்குத் தெரு பிடிபடலை. பதில் தாமதமானா கவலைப்படாதே.

சின்னவளுக்கு என் முத்தம்.
அக்கா


ஜனவரி 24

அன்பு அக்காவுக்கு, தம்பி.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு ரெண்டு பல் வந்தாச்சு. சாட்சி வேணும்னா என் விரலைப் பாக்கலாம். முதுகு இருக்கு, வலியும் இருக்கு, ரெண்டும் என்னை விட்டுப் போகாது. நீ வேலைக்குப் போனது நல்லது. வேளைக்குச் சாப்பிடு.

பூசி மறைக்கிறதுக்கு அது முகம் இல்லைக்கா. அந்தச் சிவப்பு நான் கலந்தது, எந்தக் கடையிலயும் கிடைக்காது. பத்து வருஷ வெயில்ல இப்ப ஒரு சொட்டுக் கறுத்தும் இருக்கும். நீ கடைச் சிவப்பை வாங்கித் தடவினா கதவுல பிளாஸ்திரி ஒட்டின மாதிரி இருக்கும். மச்சான் எழுந்து வந்து என்னைத்தான் உதைப்பார்.

முதல்ல சோப்புத் தண்ணி விட்டுக் கழுவி, பழைய பனியன் துணியால துடை. விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே இழுத்துப் பாரு. நகம் மாட்டலைன்னா பாலிஷ் போட்டாலே போயிடும். மாட்டினா, வெளிச்சத்துல வெச்சு ஆழத்துல என்ன நிறம்னு பாரு. சிவப்புக்குக் கீழே சாம்பல், அதுக்கும் கீழே மச்சானுக்கு முன்னால வண்டியை வெச்சிருந்தவர் அடிச்ச வெண்ணெய் நிறம், அப்புறம் தகரம். எது வரைக்கும் போயிருக்குன்னு எழுது.

எப்ப பட்டதுன்னு நீ எழுதலையே. ஈ உட்கார்ந்தாக்கூடத் துணி எடுத்துக்கிட்டு ஓடுற மனுஷன் அவர். அந்த ஆடு வேலையா?

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

நலம். நீங்களும் நல்லா இருக்கணும்.

கழுவிப் பாத்தேன். நகம் மாட்டுது. சாம்பல் தெரியுது, ரெண்டு இடத்துல வெண்ணெய் நிறமும் தெரியுது. நடுவுல இழை மாதிரி பச்சை இருக்கு. தேய்ச்சும் போகலை.

எப்ப பட்டதுன்னு தெரியலை. ஆடு இல்லை.

தபால்காரர் வீட்டுக்கு ஒரு டஜன் முட்டை கொடுத்து அனுப்பினேன். எலும்பு கூடறதுக்கு நல்லதாமே.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சின்னவள் நாற்காலியைப் பிடிச்சு நிக்கறா.

நான் அந்த வண்டிக்குப் பச்சை அடிச்சதே இல்லை. முன்னால வெச்சிருந்தவரும் அடிக்கலை. அப்போ அது வெளியிலேருந்து வந்து ஒட்டினது. வண்டி எதை உரசிச்சோ அதோட நிறம். அது என்னன்னு தெரிஞ்சா வேலை சுலபம்.

இன்னொண்ணு. நீ பொய் சொல்றப்ப பேச்சு குறைஞ்சிடும், சின்னதுலேருந்தே அப்படித்தான். போன கடிதம் கால் பக்கம்கூட இல்லை. ஜுரம் வந்து படுத்தப்ப எனக்கே நீ ஒரு டஜன் முட்டை அனுப்பினது இல்லை. என்ன விஷயம்?

தம்பி


மார்ச் 8

அக்கா, பதில் இல்லையே. புதுத் தபால்காரர் தொலைச்சாரா, நீ எழுதலையா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? ஒரு வரி போடு. இல்லாட்டி வேலையைப் போட்டுட்டு நான் பஸ் ஏறிடுவேன்.

தம்பி


மார்ச் 19

தம்பிக்கு அக்கா எழுதறது.

எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை. உன் கடிதம் ரெண்டும் வந்தது. இதை எழுத இத்தனை நாள் ஆச்சு. படிச்சுட்டுக் கிழிச்சிடு. உன் வீட்டுக்காரிகிட்டகூடச் சொல்லாதே.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் முக்கால் மணி நேரம் லேட்டா வந்தார். வண்டியை ஷெட்டுல விட்டுட்டு உள்ளே வந்தப்ப முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன ஆச்சுன்னு கேட்டேன். கையைக் கழுவிக்கிட்டே, "நாளைக்குச் சொல்றேன். இப்ப சொன்னா நீ தூங்க மாட்டே"ன்னார். பசி இல்லைன்னு சொல்லிட்டுப் படுத்தார். காலையில டம்ளரோட போய் எழுப்பினா கை ஜில்லுன்னு இருக்கு. அதுக்கப்புறம் உனக்குத் தெரியும்.

நீங்க எல்லாம் கிளம்பின பிறகு ஷெட்டைக் கூட்டப் போனேன். அப்பதான் கீறலைப் பாத்தேன். அதே வாரம் சலவைக்கூடத்துல தபால்காரரைத் தட்டிட்டு ஓடின வண்டியைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. சிவப்பா ஏதோ பறந்து போச்சுன்னு பாலத்துப் பெட்டிக்கடைக்காரர் சொன்னாராம். பாலத்து ரோடுதான் உன் மச்சான் வர்ற வழி. நேரமும் அதேதான்.

நீ பச்சை வெளியிலேருந்து வந்ததுன்னு எழுதினதும் அந்தச் சைக்கிளைப் பாக்காம இருக்க முடியலை. போகவும் தைரியம் இல்லை. ஒரு மாசம் தள்ளித் தள்ளிப் போட்டுட்டு, போன ஞாயிற்றுக்கிழமை முட்டையைத் தூக்கிக்கிட்டு நானே போனேன். ஹேண்டில் வளைஞ்சு போய் வாசல்ல சாத்தி வெச்சிருக்கு. பச்சை, தம்பி. மட்கார்டு, பார் எல்லாம் பச்சை. அவரே டப்பா வாங்கி அடிச்சாராம்.

அவர் கட்டில்ல எழுந்து உட்கார்ந்து, "இத்தனை வருஷம் நான் உங்க வீட்டுக்குக் கொண்டு வந்தேன், இப்ப நீங்க என் வீட்டுக்குக் கொண்டு வர்றீங்களே"ன்னு சிரிக்கிறார். அவர் சம்சாரம் போட்டுக் கொடுத்த காபியைக் குடிக்காம ஓடி வந்துட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷனோட இருந்தேன். ரோட்டுல நாய் அடிபட்டுக் கிடந்தா இறங்கி ஓரமா தூக்கி வைக்கிறவர். ஒரு ஆளை இடிச்சுட்டு விட்டுட்டு வருவாரா? மாட்டார்னு வேலை பாக்கிறப்ப தோணுது. வீட்டுக்கு வந்து அந்த ஷெட்டைப் பாத்தா, பயந்து போய் வந்திருப்பாரோன்னு தோணுது. காரை என் சக்களத்தின்னு கேலி பண்ணுவேனே, இப்ப அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியமா இது ஆயிடுச்சு.

இதுக்குத்தான் பூசி மறைக்கணும்னு கேட்டேன். அந்த வண்டி முதல்ல போக, ஊரு கை தட்ட, தபால்காரர் ஓரமா கோலை ஊன்றிக்கிட்டு நின்னு பாக்கிறதை நினைச்சா, அந்தச் சீட்டுல நான் எப்படி உட்காருவேன்? போலீஸ்ல சொல்லணுமா? சொன்னா போனவர் பேரு கெடும். சொல்லாட்டி நான் எந்த முகத்தோட அவர்கிட்டக் கடிதம் வாங்குவேன்?

நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன்.

அக்கா


மார்ச் 30

அன்பு அக்காவுக்கு,

ரெண்டு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன். ஆறுதலா எழுத எனக்கு வராது. எனக்குத் தெரிஞ்சது பெயிண்ட். அதுலேருந்தே கேக்கிறேன்.

பச்சைன்னு மட்டும் வெச்சு எதையும் முடிவு பண்ணாதே. சின்ன டப்பாவுல மலிவா கிடைக்கிறது கறுப்பு, நீலம், பச்சைதான். உன் தெருவுல ஜன்னல் கம்பியை எண்ணிப் பாரு, பாதி பச்சையாத்தான் இருக்கும்.

இப்ப ஒரு காரியம் பண்ணு. கண்ணை மூடிக்கிட்டு விரல் நுனியால கீறலைத் தடவு. முதல்ல வண்டி மூக்கிலேருந்து பின்பக்கமா. அப்புறம் பின்னாலேருந்து மூக்குப் பக்கமா. பூனையைத் தடவற மாதிரிதான், ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் குத்தும். இரும்பு எந்தப் பக்கமா இழுத்துக்கிட்டுப் போச்சோ அந்தப் பக்கமா பெயிண்ட் படிஞ்சிருக்கும். எந்தப் பக்கம் வழுக்குதுன்னு பாரு. அப்புறம் டேப் எடுத்து தரையிலேருந்து கீறலோட உயரத்தை அள. ரெண்டு முனையிலயும் அளக்கணும்.

எனக்குப் பிடிக்கிற பதிலை எழுதாதே. விரல் சொல்றதை எழுது. அது வரைக்கும் போலீஸ் வேண்டாம், யார்கிட்டயும் வாயைத் திறக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

தம்பி


ஏப்ரல் 6

தம்பிக்கு,

நான் சாப்பிடறேன். சின்னவள் நடக்கறாளா?

மூணு நாள் தடவிப் பாத்தேன். பின்னாலேருந்து மூக்குப் பக்கம் போனா வழுக்குது. மூக்கிலேருந்து பின்னால வந்தா விரல்ல குத்துது. மூணு தடவையும் அப்படித்தான். துணியில இழை பாக்கிற கை இது, இதுல தப்பாது.

உயரம் இருபத்தாறு அங்குலம். இந்த முனையிலயும் இருபத்தாறு, அந்த முனையிலயும் இருபத்தாறு. ஸ்கேல் வெச்சு இழுத்த மாதிரி ஒரே மட்டமா இருக்கு.

நல்லதோ கெட்டதோ, நேரா எழுது.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா, உட்கார்ந்துக்கிட்டுப் படி.

வண்டி முன்னால ஓடிப் போய் எதையாவது உரசினா, கீறல் மூக்கிலேருந்து பின்னால போகும். உன்னோடது தலைகீழா இருக்கு. அப்போ உரசினப்ப வண்டி பின்னால போய்க்கிட்டு இருந்திருக்கு. பாலத்து ரோட்டுல மச்சான் ரிவர்ஸ்லயா வந்தார்?

அப்புறம் உயரம். விழற சைக்கிள் மேலேருந்து கீழே இழுத்துக்கிட்டுத்தான் விழும். ஒரே மட்டமா கோடு போடணும்னா அசையாம ஒரு இடத்துல நின்ன இரும்பாத்தான் இருக்கணும்.

மச்சான் ரிவர்ஸ் எடுக்கிறது ஒரே இடத்துலதான், உன் வாசல்ல. வண்டி மூக்கு தெருவைப் பாத்துத்தான் நிக்கணும்னு அவருக்கு ஒரு பிடிவாதம். கழட்டி வெச்ச அந்தக் கேட்டைத் திருப்பிப் பாரு. கீழேருந்து இருபத்தாறு அங்குலத்துல என்ன இருக்கு?

பதினோரு வருஷமா உரசாத கேட் அன்னிக்கு மட்டும் ஏன் உரசணும்னுதான் எனக்குப் புரியலை. அதை நீதான் சொல்லணும்.

தம்பி


ஏப்ரல் 14

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை முடிக்கிறதுக்குள்ளயே பின்பக்கம் ஓடினேன். எதிர்வீட்டு ஆட்டுக்காரியைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா கேட்டைப் புரட்டினோம். கேட்டோட ஒரு கதவுல தாழ்ப்பாள் இருக்கு. பச்சைத் தாழ்ப்பாள். முனையில சிவப்பு ஒட்டியிருக்கு. டேப் வெச்சு அளந்தேன். எவ்வளவுன்னு உனக்கு எழுத வேண்டியதில்லை.

அதை வெச்சது நான், தம்பி.

ஆட்டுக்குப் பயந்து ஒரு தாழ்ப்பாள் வெச்சுக் கொடுங்கன்னு ஒரு வருஷமா அவரைக் கேட்டேன். ஊரான் வண்டிக்கெல்லாம் நட்டு பூட்டுவார், வீட்டுக்குன்னா நாளைக்கு. அந்த வியாழக்கிழமை மத்தியானம் வெல்டிங்காரர் தெருவுல போனார். கூப்பிட்டு, நான் வேலைக்குப் போறப்ப பூட்டிட்டுப் போக வசதியா வெளிப்பக்கம் வெச்சுக் கொடுங்கன்னேன். கையில இருந்த பச்சையை அடிச்சுக் கொடுத்துட்டுப் போனார். சாயங்காலம் அவர் பாத்து அசந்து போகட்டும், நீங்க ஒரு வருஷமா செய்யாததை நான் ஒரு மத்தியானத்துல முடிச்சுட்டேன்னு சொல்லிக் காட்டலாம்னு, ஒரு வார்த்தை சொல்லி வைக்கலை.

கேட்டை உள்பக்கமா திறந்து வெச்சா அதோட வெளிப்பக்கம் வண்டியைப் பாத்து நிக்கும்னு என் மண்டையில ஏறலை. ரெண்டு பக்கமும் நாலு விரல்தான் இடம். பதினோரு வருஷப் பழக்கம், கண்ணை மூடிக்கிட்டு உள்ளே விடுவார்.

தாழ்ப்பாளை ரெண்டு தடவை போட்டு எடுத்த சத்தம் அடுப்படிக்குக் கேட்டுச்சு. பாத்துட்டார்னு எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன். இப்பதான் அது ஞாபகம் வருது. மறுநாள் காலையிலேருந்து, முதல் நாள் அவர் சொன்ன அந்த ரெண்டு வரியைத் தவிர என் மனசுல வேற எதுவும் நிக்கலை.

உன் தாழ்ப்பாள் என் வண்டியைக் கிழிச்சிடுச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் தூங்கியிருக்க மாட்டேன். அதுவும் சரிதான்.

முக்கால் மணி நேரம் ஏன் லேட்டுன்னும் ஒர்க்‌ஷாப்ல கேட்டேன். இத்தனை நாள் கேக்கவே பயம். ஒரு பஸ்ஸுக்கு பிரேக் சரி பண்ணிக்கிட்டு இருந்தாராம். நாலு பேர் கூட இருந்திருக்காங்க.

அவர் படத்துக்கு முன்னால நின்னு திட்டித் தீர்த்துட்டேன். அப்பவே என்னை ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா என்னய்யா, அஞ்சு மாசம் உங்களைச் சந்தேகப்பட வெச்சீங்களேன்னு. அப்புறம் அழுதேன். அப்புறம் தூங்கினேன் பாரு, மறுநாள் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் லேட். மேற்பார்வைக்காரம்மா என் முகத்தைப் பாத்துட்டு விரிப்புக் கட்டை என் மேசைக்குத் தள்ளிவிட்டாங்க.

நீ நல்லா இருப்பே.
அக்கா


ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையிலயே படிச்சேன். கண்ணுல தின்னர் பட்டுடுச்சுன்னு பக்கத்துல இருந்தவன்கிட்டச் சொல்லி வெச்சிருக்கேன்.

சனிக்கிழமை வர்றேன். வீட்டுக்காரியும் சின்னவளும் கூட வர்றாங்க. பழைய சிவப்புல கால் டப்பா பத்திரமா இருக்கு. மூடி மேல மச்சான் கையெழுத்துல "தொடாதே"ன்னு எழுதியிருக்கு. இத்தனை வருஷமா தொடலை, இப்ப தொடப் போறேன். கீறல்ல மட்டும் வெச்சா தெரியும். கதவு முழுக்கத் தேய்ச்சு, சாம்பல் நிறத்துல அடிப்பூச்சு கொடுத்து, சிவப்பு மூணு கை கொடுக்கணும். நாலு நாள் ஆகும். தூசி ஆகாது, ஷெட்டுல தண்ணி தெளிச்சு வை. ஆட்டை உள்ளே விடாதே.

முதல் வேலையா வெல்டிங்காரரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உள்பக்கம் மாத்து. இல்லாட்டி நான் அடிச்சு முடிச்சு வண்டியை வெளியே எடுக்கறப்பவே அடுத்த கோடு விழும்.

நீ வர வேண்டாம்னு எழுதினதை நம்பி ஜனவரியில வராம இருந்தது என் தப்பு.

தம்பி


மே 16

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதறது.

நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களா? சின்னவள் இங்கே விட்டுட்டுப் போன ஒத்தைச் செருப்பு என் இஸ்திரி மேசையில இருக்கு. அடுத்த தடவை வந்து வாங்கிக்கச் சொல்லு.

ஊர்வலம் முடிஞ்சுது. ஒர்க்‌ஷாப் பெரிய மெக்கானிக் ஓட்டினார், நான் பக்கத்துல உட்கார்ந்தேன். அந்தச் சீட்டு அவ்வளவு தாழ்வா இருக்கும்னு மறந்தே போச்சு, தெருவுல உட்கார்ந்து போற மாதிரி இருந்தது. கிளம்பறதுக்கு முன்னால நாலு பேர் குனிஞ்சு கதவைப் பாத்தாங்க. "கீறல்னு சொன்னீங்களே, எங்கம்மா?"ன்னு கேட்டாங்க. என் தம்பிகிட்டப் போய்க் கேளுங்கன்னேன்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேற. ஊர்வலத்துக்கு ரெண்டு நாள் முன்னால தபால்காரர் வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். அஞ்சு மாசம் என் புருஷன்தான் உங்களை இடிச்சார்னு நினைச்சு வாயை மூடிக்கிட்டு இருந்தேன், அது அவர் இல்லைன்னாலும் மூடினது மூடினதுதான்னு சொன்னேன். அவர் கோலை ஓரமா சாத்தி வெச்சுட்டுக் கேட்டார்.

"அதான் முட்டை முட்டையா வந்துச்சா?"

"ஆமா."

"என்னை இடிச்சது லாரிம்மா. முன்விளக்கு என் நெஞ்சுக்கு நேரா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் வண்டியோடது என் இடுப்புக்குக்கூட வராது. பெட்டிக்கடைக்காரர் பாத்த சிவப்பு அதோட பின்விளக்கு. போலீஸ்ல அன்னிக்கே சொல்லிட்டேனே. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா உங்ககிட்டயும் சொல்லியிருப்பேன்."

கேக்கணும்னுதான் அன்னிக்கு முட்டையைத் தூக்கிக்கிட்டு வந்தேன்னு சொன்னேன்.

"சரி, விடுங்க. இப்ப முட்டை நின்னுடுமா?"ன்னார். அவர் சம்சாரம் அவர் தலையில ஒண்ணு போட்டுது. அன்னிக்குக் காபியை முழுக்கக் குடிச்சுட்டு வந்தேன்.

ஊர்வலத்தன்னிக்கு, நான் பயந்தேனே, அதே மாதிரிதான் நடந்துச்சு. பாலத்து முனையில ஓரமா கோலை ஊன்றிக்கிட்டு நின்னார். எங்க வண்டி வந்ததும் கோலைத் தூக்கி டீக்கடைத் தகரத்துல தட்டு தட்டுன்னு தட்டினார். கடைக்காரர் கத்தறார், இவர் நிறுத்தலை. நான் கையை ஆட்டினேன். அப்புறம் வீடு வர்ற வரைக்கும் சிரிச்சேனா அழுதேனான்னு பெரிய மெக்கானிக்கைத்தான் கேக்கணும்.

நான் இன்னும் ரெண்டு டம்ளர்தான் எடுக்கறேன். ஒண்ணைத் திரும்ப வைக்கிறேன். அவ்வளவுதான். வாசலுக்கு வந்து போறவங்களை நிமிர்ந்து பாக்க முடியுது.

கேட்டை மாட்டியாச்சு. வெல்டிங்காரர் தாழ்ப்பாளை உள்பக்கம் மாத்திக் கொடுத்துட்டார். அந்த முனைச் சிவப்பைச் சுரண்டட்டுமான்னு கேட்டார், வேண்டாம்னுட்டேன்.

இன்னிக்கு நம்ம தபால்காரர் வேலைக்குத் திரும்பிட்டார். இந்தக் கடிதத்தை அவர் கையிலயே கொடுத்துவிடறேன். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாச் சொல்லு, முதுகுக்கு எண்ணெய் தேய்ச்சுக்கோ. வாசல்ல நின்னு அவர் கேட்டைப் போட்டு ஆட்டறார், இந்தத் தாழ்ப்பாளை எந்த மகராசி உள்ளே வெச்சதுன்னு சத்தம் கேக்குது. போய்த் திறக்கணும்.

அக்கா